ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

வேலைத்தலங்களில் நடத்தைக் கோவையும் அதைக் கடைப்பிடிக்கச் செய்யும் வழிகளும்

வயலும் வரம்பும் கைவிட்டுப் போன குடும்பத்துக்கு மிஞ்சுவது உழைக்கும் கைகள் மாத்திரமே. திருகோணமலை மாவட்டத்தில் 1985, 1990, 2006 என்று ஆண்டுகளைச் சொன்னாலே போதும், எந்த ஆண்டில் எந்தக் கிராமம் எழும்பி ஓடியது என்று எமது மக்கள் சொல்லிவிடுவார்கள். 2006இல் சம்பூரையும் அயற் கிராமங்களையும் விட்டு வெளியேறிய விவசாயக் குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. 2015க்குப் பிறகே அவர்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.

காத்திருந்த காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆண்கள் மேசன் வேலைக்கும் அரிசி ஆலைக்கும் போனார்கள். பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். தாய்மார் சிலர் மத்திய கிழக்குக்கும் போனார்கள். காணி திரும்பக் கிடைத்த பின்னரும் பல வீடுகளில் ஒருவராவது இன்னும் சம்பளத்துக்கே போகிறார். சொந்த வயலில் நின்றவரை தமக்குத் தாமே முதலாளியாக இருந்தவர்கள் இன்று இன்னொருவரின் மணிக்கூட்டைப் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலைத்தலத்தில் யார் யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? சம்பளம் என்றைக்குக் கிடைக்கும்? ஏசினால், கை வைத்தால், கூலியைப் பிடித்துக்கொண்டால் யாரிடம் சொல்வது? இவற்றையெல்லாம் எழுதி வைத்த ஏட்டுக்கே 'நடத்தைக் கோவை' என்று பெயர். பெரிய கொம்பனிகளில் இது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நாம் அறிவோம். எழுதிய கோவையை நடைமுறைக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் விடயம்.

நமக்குப் புதிய விடயமா?

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. திருகோணமலையின் பழைய நூல்களில் ஒன்றான கோணேசர் கல்வெட்டு, பெயரில் கல்வெட்டாக இருந்தாலும் கவிராசர் இயற்றிய ஒரு நூலாகும். குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்துக்கென மக்களைக் கொண்டுவந்து குடியேற்றி, தானத்தார், வரிப்பத்தார் ஆகியோர் செய்ய வேண்டிய தொழும்புகளை இன்னாருக்கு இன்னதென்று வகுத்ததை அது விரித்துச் சொல்கிறது. ஒரு வேலைத்தலத்தின் கடமைகளை எழுதி வைத்த ஏடு என்றே இதனைக் கொள்ளலாம். ஆனால் அது மேலிருந்து கீழே இறங்கிய ஏடு. வகுத்தவன் அரசன், ஏற்றவர்கள் குடிகள்.

இதற்கு வேறான ஒரு முறையும் எம்மிடம் உண்டு. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். துருசு எந்த நாளில் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, வேலி எப்போது அடைப்பது, கட்டாக்காலி மாடுகளை எந்த நாளுக்குப் பின் வட்டைக்குள் விடக்கூடாது, விட்டால் என்ன தண்டம் என்பனவெல்லாம் அங்கே பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. போகம் முழுவதும் அதனைக் கவனிக்க, முன்னாளில் வட்டவிதானையார் இருந்தார். இந்நாளில் அந்தப் பொறுப்பு கமக்காரர் அமைப்புகளிடம் இருக்கிறது.

இந்த முறையில் நான்கு அம்சங்கள் உள்ளன. விதியினால் கட்டுப்படுவோரே கூடி அதனைச் செய்கிறார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விதி தெரிந்திருக்கிறது. கவனிப்பவர் அதே வட்டையில் நிற்பவர், மாடு வயலுக்குள் இறங்கும்போதே காண்பவர். மீறினால் தண்டம் உடனே விழுகிறது, மாடு யாருடையதாக இருந்தாலும் விழுகிறது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் போகம் பாழாகும். தொழிற்சாலையிலும் இதே கணக்குத்தான்.

ஏடு இருந்தும் உயிர் போன இடங்கள்

உலகின் பெரிய ஆடைக் கொம்பனிகள் தமக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலைகளுக்கென நடத்தைக் கோவைகளை எழுதத் தொடங்கியது 1990களிலேயே. அமெரிக்காவின் லீவைஸ் கொம்பனி 1991இல் எழுதியது. சுவீடனின் எச் அன்ட் எம் 1997இல் எழுதியது. சிறுவர் வேலை கூடாது, கட்டாய வேலை கூடாது, தொந்தரவு கூடாது, கட்டிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று எல்லாக் கோவைகளும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின. அவற்றைச் சரிபார்க்கப் பரிசோதகர்கள் அனுப்பப்பட்டார்கள். சான்றிதழ்களும் வழங்கப்பட்டன.

2012 செப்டெம்பர் 11ஆம் திகதி பாகிஸ்தானின் கராச்சி நகரில் அலி என்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. 250க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். யன்னல்களுக்குக் கம்பி அடிக்கப்பட்டிருந்தது, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 எனப்படும் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேசத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. 1,100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் காணப்பட்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தனது ஊழியர்களை வர வேண்டாமென்றது. தையல் தொழிலாளர்களோ உள்ளே போகுமாறு நெருக்கப்பட்டார்கள். அங்கிருந்த தொழிற்சாலைகளிலும் பரிசோதகர்கள் வந்து போயிருந்தார்கள்.

இங்கே கோவை எழுதப்பட்டிருந்தது, பரிசோதனையும் நடந்திருந்தது. பின் எங்கே பிழைத்தது? வருடத்தில் ஓரிரு நாள் வருகிற பரிசோதகர், வருவதற்கு முன்பே வரும் செய்தியைச் சொல்லிவிடுகிறார். அன்றைக்கு மாத்திரம் கதவுகள் திறந்திருக்கும், குடிதண்ணீர் இருக்கும். அவரோடு கதைப்பதற்குத் தொழிலாளர்களை நிருவாகமே தெரிந்து அனுப்பும். பரிசோதனைக் கூலியையும் பல வேளைகளில் தொழிற்சாலையே கட்டும். அப்படியிருக்க, வெடித்த சுவரைக் கண்டு "நாங்கள் உள்ளே போகமாட்டோம்" என்று சொல்லித் தப்பும் பலம் தொழிலாளிக்கு எப்படி வரும்? மாட்டுக்காரனே காவற்காரனுக்குச் சம்பளம் கொடுத்தால் வயல் என்னாகும் என்று எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

திண்டுக்கல்லில் நடந்தது

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலை திருப்பூரின் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் கொம்பனிக்குச் சொந்தமாக இருந்தது. எச் அன்ட் எம் முதலிய வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு அங்கே உடுப்புத் தைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். தலித் குடும்பப் பெண்கள் அவர்களுள் அநேகர்.

2021 சனவரியில் அங்கே தையல் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொலையுண்டு கிடந்தார். அவருடைய மேற்பார்வையாளரே கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். அந்த மேற்பார்வையாளர் மாதக்கணக்காக அவருக்குத் தொந்தரவு கொடுத்து வந்ததைக் குடும்பத்தினரும் உடன் வேலை செய்தவர்களும் வெளியே சொன்னார்கள். எச் அன்ட் எம் தன் கோவையை எழுதி அப்போது 20 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் பாலியல் தொந்தரவு முறைப்பாடுகளை ஏற்க ஓர் உட்குழு இருக்க வேண்டுமென்று இந்தியச் சட்டம் 2013 முதல் சொல்லி வந்தது. கோவையும் இருந்தது, சட்டமும் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டும் உதவவில்லை.

இதன் பின் தமிழ்நாடு துணிநூல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் முன்னுக்கு வந்தது. பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் இது. ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணி என்ற அமைப்பும், அமெரிக்காவிலுள்ள ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் அதனோடு சேர்ந்து நின்றன. ஒரு வருடத்துக்கு மேலான பேச்சுவார்த்தையின் பின், 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் உடன்படிக்கை' அறிவிக்கப்பட்டது. ஈஸ்ட்மன் கொம்பனியும் எச் அன்ட் எம்மும் அதில் கையெழுத்திட்டன. கேப், பி.வி.எச். ஆகிய அமெரிக்கக் கொம்பனிகள் பின்னர் சேர்ந்தன. சுமார் 5,000 தொழிலாளர்கள் இந்த உடன்படிக்கைக்குள் அடங்கினார்கள்.

பழைய கோவைகளுக்கும் இதற்கும் இருந்த வேறுபாட்டைக் கவனிப்போம்.

முதலாவது, இது வாக்குறுதி அல்ல, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். தொழிற்சாலை உடன்படிக்கையை மீறினால், வாங்கும் கொம்பனி தன் ஓடர்களில் கை வைக்க வேண்டும். ஆகவே மீறுதலுக்கு ஒரு விலை உண்டாயிற்று.

இரண்டாவது, 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தெரிவுசெய்யப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் அதே வரிசையில், அதே இயந்திரங்களுக்கு முன் இருந்து தைப்பவர்கள். ஏச்சுக் கேட்டால் அவர்கள் காதிலும் விழும். ஒருத்தி அழுதால் அவர்கள் கண்ணிலும் படும். எமது வட்டவிதானையார் வட்டைக்குள் நின்றதைப் போன்றதே இது.

மூன்றாவது, முறைப்பாடு செய்தவரையும் அவருக்காகப் பேசியவரையும் பழிவாங்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் பகுதியாயிற்று. தொழிற்சாலைக்குள் தீராவிட்டால் வெளியே சுயாதீனமானவர்களிடம் கொண்டுபோகவும் வழி வைக்கப்பட்டது.

நான்காவது, பயிற்சி தொழிலாளர்களுக்கு மாத்திரமல்ல, மேற்பார்வையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும் வழங்கப்பட்டது. ஏச்சுப் போட்டால்தான் வேலை நடக்கும் என்று பழகியவர்கள் வேறு முறையைக் கற்க வேண்டியிருந்தது.

விளைவு என்ன? முதல் வருடத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. முறைப்பாடு கூடினால் நிலைமை கெட்டுவிட்டது என்று சிலர் எண்ணுவார்கள். உண்மை அதுவல்ல. ஒரு முறைப்பாடும் வராத இடத்தில் பெரும்பாலும் பயம் இருக்கிறது. வாய் திறந்து சொல்ல ஆளும் நம்பிக்கையும் கிடைக்கும்போதே முறைப்பாடுகள் வரும்.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. 2022 யூலையில் அமெரிக்கச் சுங்கப் பகுதியினர் இந்தத் தொழிற்சாலையின் உடுப்புகளைத் தம் துறைமுகங்களில் தடுத்து வைக்க உத்தரவிட்டார்கள். உடன்படிக்கையின் கீழ் நடந்த சீர்திருத்தங்களைக் கண்ட பின், அதே ஆண்டு செப்டெம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. நல்ல நடத்தை தொழிற்சாலையின் வியாபாரத்தையும் காத்தது. முதலாளிமாரும் இதனை யோசிக்க வேண்டும்.

தக்காளித் தோட்டத்துக் கதை

ஆடைத் தொழிலுக்கு மாத்திரம் இது பொருந்தும் என்று எண்ணாமல், விவசாயக் கூலிகளின் அனுபவம் ஒன்றையும் பார்ப்போம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இம்மொக்காலி என்ற ஊர் தக்காளிக்குப் பேர்பெற்றது. பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹெயிட்டி ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஏழைகள். 1993இல் அவர்களிற் சிலர் ஊர்த் தேவாலயத்தில் இரவலாகக் கிடைத்த ஓர் அறையில் கூடிக் கதைக்கத் தொடங்கினார்கள். இம்மொக்காலித் தொழிலாளர் கூட்டமைப்பு இவ்வாறே உருவாயிற்று.

தோட்டக்காரர்களிடம் மாத்திரம் கேட்டுப் பயனில்லை, விலையைத் தீர்மானிப்பது தக்காளி வாங்கும் பெரிய கொம்பனிகளே என்று அவர்கள் கண்டார்கள். 2001இல் டாக்கோ பெல் என்ற உணவகக் கொம்பனியைப் பகிஷ்கரிக்கத் தொடங்கி, 2005இல் அதனை இணங்க வைத்தார்கள். ஒரு இறாத்தல் தக்காளிக்கு ஒரு சதம் கூடுதலாகக் கொடுப்பது, தொழிலாளர் சொல்லும் நடத்தைக் கோவையை ஏற்கும் தோட்டங்களில் மாத்திரம் வாங்குவது என்பனவே கோரிக்கைகள். மக்டொனால்ட்ஸ், வோல்மார்ட் போன்றவையும் பின்னர் வழிக்கு வந்தன. 2011இலிருந்து இது புளோரிடாத் தக்காளித் தோட்டங்களில் பெரும்பகுதிக்கு விரிந்தது.

அந்தக் கோவையில் ஒரு விதி எமது விவசாயிகளுக்கு உடனே விளங்கும். தக்காளி பறிப்போருக்கு வாளிக் கணக்கிலேயே கூலி. வாளி நிறைந்த பின்னும் மேலே குவித்துத் தரும்படி கங்காணிமார் வற்புறுத்துவார்கள். குவிந்த பழத்துக்குக் கூலி இல்லை. நெல் மூடைக்குக் 'கழிவு' என்று கிலோக் கணக்கில் வெட்டும் வியாபாரியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தொழிலாளர்களே எழுதியதால் இந்தக் களவு கோவையில் இடம்பெற்றது. வாளி விளிம்பு வரை நிறைந்தால் போதும் என்று எழுதப்பட்டது. நகரத்து அலுவலகத்தில் இருந்து கோவை எழுதுபவருக்கு வாளியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

அங்கே வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொருவருக்கும் கோவை விளக்கப்படுகிறது. தொழிலாளர்களே தோட்டத்துக்கு வந்து மற்றத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. இரவு பகல் எந்நேரமும் முறைப்பாடு சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வந்த முறைப்பாட்டை விசாரிக்கத் தனியாக ஒரு சபை இருக்கிறது. பாரதூரமான குற்றம் செய்த கங்காணியை வைத்துக்கொண்டிருக்கும் தோட்டத்திடம் கொம்பனிகள் தக்காளி வாங்க மாட்டா.

எமது நாட்டில் சட்டம் சொல்வது

எந்தக் கொம்பனியின் கோவையும் நாட்டுச் சட்டத்துக்குக் குறைவாக இருக்க முடியாது. ஆகவே வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் பின்வருவனவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்டது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், முதலாளி தன் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மாத்திரம் 3 வீதம் கட்ட வேண்டும். 30,000 ரூபா சம்பளத்துக்கு இதனைக் கணக்குப் பார்த்தால், தொழிலாளி பங்கு 2,400, முதலாளி பங்கு 3,600, நம்பிக்கை நிதி 900, மொத்தம் மாதத்துக்கு 6,900 ரூபா. ஒரு வருடத்துக்கு 82,800 ரூபா. "உனக்குப் பதிவு தேவையில்லை, கையில் முழுக்காசும் தருகிறேன்" என்று சொல்லும் முதலாளி தன் பங்கான 4,500 ரூபாவை மாதாமாதம் மிச்சம் பிடிக்கிறார்.

பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் பெறுபவராயின் வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாகச் சட்டமாக்கப்பட்டது. 2025இல் செய்யப்பட்ட திருத்தம் அதனை 27,000 ரூபாவாகவும், 2026 சனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தியது. வேலைக்கு அமர்த்தக்கூடிய வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளுக்குப் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

பாலியல் தொந்தரவு கொம்பனியின் ஒழுக்கப் பிரச்சினை மாத்திரமன்று, அது குற்றம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதும் அதற்குள் அடங்கும். இத்தகைய விடயத்தை ஊர்ப் பெரியவர்களும் பங்குத்தந்தையும் கூடி இருந்து 'கதைத்து முடித்துவிட' இடமில்லை. கதைத்து முடித்தால் செய்தவர் அதே இடத்தில் இருப்பார், சொன்ன பிள்ளை வேலையை விட்டு வீட்டில் இருப்பாள்.

சம்பளம், நிதி, பணிக்கொடை பற்றிய முறைப்பாடுகளைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம். வேலையிலிருந்து அநியாயமாக நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அதற்குக் கால எல்லை இருப்பதால் தாமதிக்கக்கூடாது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்ய முடியும்.

பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

ஆடைத் தொழிற்சாலைக்கோ வேறு பெரிய நிறுவனத்துக்கோ ஆள் சேர்க்க வருபவர்கள் பஸ் வசதி, சாப்பாடு, விடுதி பற்றியே அதிகம் சொல்வார்கள். பெற்றோர் இவற்றையும் கேட்க வேண்டும்:

1. நியமனக் கடிதம் தருவது யார்? தொழிற்சாலையா, ஆள் சேர்த்துக் கொடுக்கும் 'மான்பவர்' கொம்பனியா? கடிதத்தில் பெயர் யாருடையதோ, பிரச்சினை வரும்போது முதலில் பிடிக்க வேண்டியவர் அவரே.

2. நடத்தைக் கோவை தமிழில் இருக்கிறதா? அதன் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

3. முறைப்பாடு யாரிடம் கொடுப்பது? அவர் குற்றம் செய்யக்கூடிய மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்பவரா? ஒரு பெண்ணும் இருக்கிறாரா?

4. எத்தனை நாளில் பதில் வரும்? சொன்னவருக்கு வேலை போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

5. தைக்கும் உடுப்பு எந்தக் கொம்பனிக்குப் போகிறது? பிள்ளை அந்த உடுப்பின் கழுத்துப் பட்டியில் இருக்கும் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். திண்டுக்கல் பெண்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பெயரே.

சம்பளச் சீட்டுகளையும் சேமலாப நிதி இலக்கத்தையும் ஒரு பையில் போட்டு வைப்பது, காணி உறுதியைப் பெட்டியில் வைப்பதற்கு ஒப்பான காரியம். இடம்பெயர்ந்தபோது உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நாமே முதலாளியாகும்போது

சிறிய வேலைத்தலங்களில் நிலைமை வேறு. தம்பலகாமத்து அரிசி ஆலைக்கோ, கிராமத்துத் தையல் நிலையத்துக்கோ சுவீடன் நாட்டுக் கொம்பனி வந்து நெருக்குதல் கொடுக்கப் போவதில்லை. அங்கே பிடி எங்கே இருக்கிறது? ஆலை கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ சொந்தமானால் பிடி அங்கத்தவர்களின் கையில் இருக்கிறது. தலைவரைத் தெரிவதும் அவர்களே, கணக்கை ஏற்பதும் அவர்களே. ஆகவே சங்கங்கள் தாமே ஒரு கோவையை எழுதிக்கொள்ளலாம். இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு பக்கம் போதும்:

1. கூலி இன்ன நாளில், கணக்குச் சீட்டோடு கொடுக்கப்படும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி.

2. வேலை நேரம் இன்னது. மேலதிக நேர வேலை விருப்பத்தின் பேரில், ஒன்றரை மடங்கு கூலியோடு.

3. எல்லோரும் சேமலாப நிதியில் பதியப்படுவர்.

4. ஏச்சு, சாதி சொல்லி அழைத்தல், இனம் மதம் பற்றிய இழிசொல் கூடா. உடலில் கை வைத்தல், பாலியற் பேச்சு கூடா.

5. இயந்திரப் பட்டிகளுக்கு மறைப்பு இருக்கும். வேலை நேரத்தில் வாசல்கள் பூட்டப்படா.

6. வேலைக்கு ஆள் எடுப்பது பகிரங்கமாக நடக்கும். நிருவாகத்தினர் தம் உறவினரை எடுப்பதாயின் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

7. தொழிலாளர் நேரத்துக்கு வருவர். மது அருந்தி வரார். பொருளையும் கணக்கையும் பேணுவர்.

கடைசி விதியும் தேவை. கோவை இரு பக்கத்தையும் கட்ட வேண்டும். கோணேசர் கல்வெட்டுக் காலத்தைப் போலத் தொழும்பரின் கடமையை மாத்திரம் எழுதினால் அது அரைக் கோவை. முதலாளியின் கடமையை மாத்திரம் எழுதினாலும் அவ்வாறே.

எழுதியதைக் கடைப்பிடிக்கச் செய்வதற்கு ஐந்து காரியங்கள் போதும். முறைப்பாட்டைக் கேட்க இருவரைத் தொழிலாளர்களே தெரிய வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாகவும், இருவரும் முகாமையாளரின் உறவினர் அல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும். முறைப்பாடுகளை ஒரு பதிவேட்டில் திகதியோடு எழுதி, ஏழு நாளில் முதற் பதிலும் ஒரு மாதத்தில் முடிவும் கொடுக்க வேண்டும். குற்றஞ் சாட்டப்பட்டவரின் பக்கத்தையும் கேட்க வேண்டும், ஏனெனில் பொய் முறைப்பாடு வருமோ என்ற பயத்துக்கு நேர்மையான விசாரணையே மருந்து. குற்றஞ் சாட்டப்பட்டவர் தலைவரே ஆனால் அவர் விசாரணை முடியுமட்டும் விலகி நிற்க வேண்டும். வருடாந்தக் கூட்டத்தில் கோவையை உரத்து வாசித்து, எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை தீர்ந்தது என்று பெயர் சொல்லாமல் அறிவிக்க வேண்டும்.

தொண்டு நிறுவனங்களும் விலக்கல்ல

நிவாரணம் கொடுப்போரும் ஒரு கோவைக்குக் கட்டுப்பட்டவர்களே. 2002இல் மேற்கு ஆபிரிக்க அகதி முகாம்களில், உணவுப் பொருளுக்குப் பதிலாகப் பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் ரீதியாகச் சுரண்டிய செய்தி வெளிவந்து உலகை அதிரச் செய்தது. அதன் பின் 2003இல் ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் வெளியிட்ட பணிப்புரை, உதவிக்குப் பதிலாக எந்தப் பாலியல் உறவையும் கேட்பதைத் தடைசெய்தது. 18 வயதுக்குக் குறைந்தவரோடு உறவு கொள்வதையும் முற்றாகத் தடைசெய்தது. மற்ற உதவி நிறுவனங்களும் இத்தகைய கோவைகளை ஏற்றுக்கொண்டன.

ஆகவே முகாமில் இருந்தாலும் மீள்குடியேறிய கிராமத்தில் இருந்தாலும் இதனை மனதில் வையுங்கள்: நிவாரணப் பொருளுக்கு விலை இல்லை. வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்கக் காசோ வேறு எதுவோ கேட்பவர் தன் நிறுவனத்தின் விதியையே மீறுகிறார். அந்த நிறுவனத்திடம் அதன் கோவையைத் தமிழில் தரும்படியும், முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று சொல்லும்படியும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திருச்சபை நிறுவனமாக இருந்தாலும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

செய்யக்கூடியது

திண்டுக்கல்லிலும் இம்மொக்காலியிலும் பலன் கிடைத்ததற்குக் காரணம் கோவையின் சொல்லழகு அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் எழுதுவதில் பங்குகொண்டார்கள், பக்கத்திலேயே கவனிக்க ஆள் இருந்தது, சொன்னவர் காப்பாற்றப்பட்டார், மீறியவருக்குப் பண நட்டம் வந்தது. எமது வயற் கூட்டங்களில் நாம் நெடுங்காலமாகச் செய்து வந்ததும் இதுவே.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் கிராமத்திலிருந்து சம்பளத்துக்குப் போகிறவர்களின் பெயரை எழுதி, எத்தனை பேருக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதி இலக்கமும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இல்லாதவர்களை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தனியே போகிறவரை நாளைக்கு வா என்பார்கள். பத்துப் பேராய்ப் போனால் கதிரை போடுவார்கள்.